பழனியில் இறங்காதவள்

"இதுக்கு மேல வண்டி போகாதுங்க்கா" என்று, ராத்திரி முழுக்க ஓட்டிவந்த டிரைவர் உதயா காரை நிறுத்தியபோது, புஷ்பவல்லியின் கண் பந்தல் பக்கம் போகவில்லை. கரைப் பக்கம் போனது. படகுகள் அத்தனையும் மணலில் ஏறிக் கிடந்தன. நன்றாக விடிந்தும் கடலில் ஒரு படகுகூட இல்லை. குப்பத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரை யாரும் தொழிலுக்கு இறங்கக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அவள் புருஷன் மனோகரன் நேற்று மத்தியானமே கண்ணை மூடிவிட்டான். சாயங்காலமே எடுத்திருக்கலாம். பெண்டாட்டி வந்து முகம் பார்க்கட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, இறால் படுகிற நாளும் அதுவுமாக ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

புருஷன் எழுந்து நடக்கவேண்டும் என்று கிருத்திகையன்று பழனி மலை ஏறப்போனவள் அல்லவா. அவளுக்காகக் காத்திருப்பதில் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் அவள் பழனிக்குப் போகவே இல்லை. அது இந்த உலகத்தில் அவளுக்கும் இந்தப் பொள்ளாச்சிக்கார டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும்.

வழியில் டீ குடிக்க நிறுத்தின இடத்தில் அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். "தம்பி, யாராவது கேட்டா பழனியில ஏத்தினேன்னு சொல்லுப்பா." அவன் சரிங்க்கா என்றான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை. பெற்ற பிள்ளை வயதுப் பையனைப் பொய்க்குக் கூட்டுச் சேர்த்த அசிங்கம் அதிலிருந்து அவள் கூடவே வந்துகொண்டிருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். பந்தலில் இருந்த பெண்கள் எழுந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் சொக்கம்மாள், மனோகரனுக்கு அக்கா. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். புஷ்பவல்லி மார்க்கெட்டில் மீன் விற்கப் போகிற நேரமெல்லாம் தம்பியைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டது அவள்தான். அவள் புஷ்பவல்லியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பெட்டிமுன் நிறுத்தினாள்.

"ஏந்து பார்றா மனோகரா! உன் பொண்டாட்டி வந்துட்டாடா. உனக்காவ பழனி மல ஏறினவ வந்துட்டாடா!"

கண்ணாடிக்குள் மனோகரன் சவரம் செய்த முகத்தோடு கிடந்தான். வாதம் வந்து நாலு வருஷமாகக் கோணியிருந்த வாய் இப்போது நேராகியிருந்தது. புஷ்பவல்லிக்கு அழுகை வரவில்லை. சொக்கம்மாளின் ஒவ்வொரு வார்த்தையும் செருப்பால் அடிக்கிற மாதிரி விழுந்தது. உண்மை தெரிந்து நிஜச் செருப்பாலேயே அடித்திருந்தால் நிம்மதியாக அழுதிருப்பாள்.

மகன் பகலவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. அம்மாவுக்கு ரயில் டிக்கெட் போட்டுக்கொடுத்து சென்ட்ரல்வரை வந்து ஏற்றிவிட்டவன் அவன்தான். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"போன் ஏம்மா ஆஃப்ல இருந்துச்சி? எத்தினி வாட்டி அடிச்சேன் தெரியுமா?"

"மலைக்கு மேல சார்ஜ் பூட்ச்சிடா."

அவன் உடனே நம்பிவிட்டான். அம்மாவின் காலைப் பிடித்து அமுக்கிவிட ஆரம்பித்தான், பாவம், எத்தனை படி ஏறி இறங்கின கால் என்று. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் அந்தப் போனில்தான் தொடங்கியது. மனோகரன் தூங்கியபிறகு அவனுக்குப் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு சத்தத்தை அடக்கிவிட்டு வீடியோ பார்ப்பாள். சமையல், கோலம், சண்டை என்று ஏதேதோ வரும். ஒருநாள் யாரோ ஒருவர் காரில் போய்க்கொண்டே எடுத்த மலைப்பாதை வந்தது. வளைவுக்குமேல் வளைவு, இருபக்கமும் தேயிலை. அதில் ஒன்றுமே நடக்கவில்லை, பாதை போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவுதான். அவளுக்கு அது பிடித்துப்போனது. பார்க்கப் பார்க்கப் போனும் அதையே காட்ட ஆரம்பித்தது. ஐம்பது வயதுவரைக்கும் எண்ணூருக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் மீன்கூடையோடு போய்வந்த பொம்பளைக்கு இந்த ஆசை வந்ததை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பழனி வேண்டுதல் மட்டும் நிஜம். புருஷன் எழுந்து நடக்கவேண்டும், அதற்காகவே கிருத்திகையில் படியேறி வருகிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டதும் நிஜம்தான். ராத்திரி பாலக்காடு ரயிலில் ஏறும்போதுகூட அவளுக்கு வேறு நினைப்பில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் பழனி வந்தது. அரோகரா போட்டுக்கொண்டு பெட்டியே காலியானது. அவளும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்சீட்டுப் பெரியவர் இறங்கலியாம்மா என்றார். அடுத்து எந்த ஊர் என்று இவள் கேட்டாள். உடுமலை, அப்புறம் பொள்ளாச்சி என்றார். வீடியோக்காரர் பொள்ளாச்சியிலிருந்துதான் மலை ஏறுவார். இன்றைக்கு அங்கே, நாளைக்கு இங்கே, சாமி எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தாள். ரயில் நகர்ந்தது.

உடனே போன் அடித்தது. சொக்கம்மாள். இறங்கிட்டியா, மலை ஏறிட்டியா என்று கேட்டாள். "ஏறிகினு கீறேன் அண்ணி" என்றாள் புஷ்பவல்லி. மீன் விலையில் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் வியாபாரம். வீட்டு மனுஷியிடம் சொன்ன இந்த ஒன்றுக்கே நாக்கு குழறியது. மறுபடி அடித்தால் மறுபடி சொல்லவேண்டுமே என்று பயந்து, பொள்ளாச்சி ஸ்டேஷன் வாசலில் உதயாவின் காரை ஒரு நாளைக்குப் பேசி ஏறியதும் போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள்.

அந்த நாளை இப்போது நினைத்துப் பார்க்க அவளுக்குக் கூசியது. ஆனாலும் வேறு எதுவும் நினைப்புக்கு வரவில்லை. வளைவில் திரும்பும்போது கீழே ஆழியாறு அணை தெரிந்ததும், ஜன்னல் வழியே குளிர் வந்து கையில் மயிர் எழுந்து நின்றதும், காரை நிறுத்தச் சொல்லித் தேயிலைக்குள் இறங்கியதும். ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். துவர்ந்தது. டீ வாசனையே இல்லையே என்று கேட்டதற்கு, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. சாப்பிட வால்பாறையில் ஒரு மெஸ். உயிர் போன நேரத்தை சொக்கம்மாள் ஒப்பாரியோடு ஒப்பாரியாகச் சொன்னபோது புஷ்பவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்போது அவள் ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு காரியத்தை முன்னே பின்னே மாற்றிப் போட்டதற்கு இவ்வளவா என்று ஒரு பக்கம் மனசு சண்டை போட்டது. முதலில் பழனியில் இறங்கியிருந்தால் அவன் பிழைத்திருப்பானோ என்று இன்னொரு பக்கம் கேட்டது. சாமிக்கு வைத்த நாளைத் தான் தின்றுவிட்டோம் என்றே அவள் நம்பினாள். சாயங்காலம் மலையிறங்கி, போனைத் திறந்து, பகலவன் குரலைக் கேட்டபோதும் அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான்.

வெயில் ஏறியது. பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பெஞ்சில் கிடத்தினார்கள். மேளக்காரர்கள் தப்பட்டையை நெருப்பில் காட்டிச் சூடேற்றினார்கள். படகுகளை மனதில் வைத்துக்கொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்று ஆம்பளைகள் அவசரப்படுத்தினார்கள். அப்போதுதான் ஊர்ப் பெரியதனக்காரர் ஜெயவேல் புஷ்பவல்லியைப் பார்த்துச் சொன்னார்.

"பழனி விபூதி எடுத்தாம்மா. நெத்தி நெறைய இட்டு அனுப்பலாம். கொடுத்து வெச்சவன்."

அவள் எழுந்திருக்கவில்லை. கூட்டம் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. துக்கத்தில் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நீ இரு புஷ்பா, நான் எடுத்தாறேன் என்று சொக்கம்மாள் உள்ளே போனாள். வேண்டாம் என்று கத்தத் தோன்றியது.

வாசலிலிருந்து பார்த்தால் உள்ளறையின் மூலை தெரியும். சொக்கம்மாள் பையைத் திறந்து, மாற்றுப் புடவையை எடுத்து வெளியே வைத்தாள். துண்டை வைத்தாள். கடைசியாக ஒரு டீத்தூள் பாக்கெட் வந்தது. பச்சை மலைப் படம் போட்டு, பெரிய எழுத்தில் வால்பாறை என்று ஊர்ப் பேர் போட்டிருந்த பாக்கெட். கைக்குட்டையில் சுருட்டி வைத்த தேயிலைக் கொத்து, வாடிக் கறுத்துப்போய், கூடவே விழுந்தது. சொக்கம்மாள் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். விபூதிப் பொட்டலமும் இல்லை, பஞ்சாமிர்த டப்பாவும் இல்லை. அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணும் சந்தித்துக்கொண்டன.

சொல்லிவிடுவாள் என்று புஷ்பவல்லி நினைத்தாள். சொல்லட்டும் என்றும் நினைத்தாள். பெற்ற பிள்ளைமுன், ஊர்முன், தொழிலைக் கெடுத்துக்கொண்டு நிற்கிற ஆம்பளைகள்முன் எல்லாம் வெளியே வந்துவிடட்டும். அதற்கப்புறம் இந்தக் குப்பத்தில் அவள் தலைநிமிர முடியாது, பகலவனும் முகத்தில் முழிக்கமாட்டான். இருந்தாலும் நெஞ்சில் கிடக்கிற பாரம் இறங்குமே.

சொக்கம்மாள் எல்லாவற்றையும் மறுபடி பைக்குள் திணித்து, பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். சாமி மாடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மூடின கையோடு வெளியே வந்து, புஷ்பவல்லியின் உள்ளங்கையை விரித்து அதில் கொட்டினாள். கேட்கிறவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"இந்தா. பழனி விபூதி. நீயே இடு."

யாரோ அரோகரா என்றார்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். புஷ்பவல்லி குனிந்து புருஷன் நெற்றியில் விபூதியைப் பூசினாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. செத்தவனிடமும் பொய் சொல்லியாயிற்று என்று நினைத்தபோது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படியே அவன் மார்மேல் விழுந்து அழுதாள். நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவளைப் பிரிக்க முடியவில்லை. எப்படி வாழ்ந்த புருஷன் பொண்டாட்டி பார் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பிணத்தை ஏற்றிய பூத்தேர் நகர்ந்து, மேளச் சத்தம் நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியதும், பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பின்பக்கம் நீல டிரம்மில் லாரித் தண்ணீர் இருந்தது. தலைமுழுகக் கல்லில் உட்கார்ந்த புஷ்பவல்லிக்கு சொக்கம்மாள் தண்ணீர் ஊற்றினாள். மற்ற பெண்கள் தெருக்குழாய்ப் பக்கம் போயிருந்தார்கள். முதல் குடம் பேசாமல் விழுந்தது. இரண்டாவதும்.

"நேத்து கஞ்சி குடிக்கசொல்லோ கேட்டான்" என்றாள் சொக்கம்மாள். "புஷ்பா மல ஏறிட்டாளான்னு. ஏறிகினு கீறாடான்னு சொன்னேன். அவுளுக்கு முட்டி வலிக்குமேன்னான். அத்தோட சரி."

புஷ்பவல்லி முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகினாள். சொக்கம்மாள் டிரம்மில் குடத்தை முக்கினாள். எடுக்க நேரமாயிற்று.

"அவன்கையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா வோணாம்னா சொல்லப்போறான்? நீயே போய்ட்டு வான்னுதான் சொல்லியிருப்பான்."

அது புஷ்பவல்லிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் தாங்கவில்லை. கேட்டுக்கொண்டு போயிருந்தால் அந்த நாள் அவன் கொடுத்த நாளாக இருந்திருக்கும். கேட்காமல் போனதால் திருடின நாளாகிவிட்டது. மூன்றாவது குடம் விழுந்தது. தலைமயிர் முகத்தை மூடியது. அதை ஒதுக்காமல் அப்படியே இருந்தாள்.

"அங்க இன்னாதான்டி கீது?"

கோபமாகக் கேட்டாளா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாளா என்று அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"தேயில அண்ணி. மல முழுக்க தேயில. வேற ஒண்ணும் இல்ல." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "அன்னிக்கி பூரா யாரும் என்ன கூப்டல அண்ணி."

தம்பி கூப்பிட்டபோதெல்லாம் ஓடினவள் சொக்கம்மாளும்தான். குடத்தைப் புஷ்பவல்லியின் கையில் கொடுத்துவிட்டு, ஜாக்கெட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக் கல்லில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கு இடம் போதாத கல் அது. புஷ்பவல்லி எழுந்து நின்று ஊற்றினாள். மறுபடி முகர்ந்து ஊற்றினாள். தண்ணீர் டிரம்மில் பாதிக்குக் கீழே போய்விட்டது. போதும் என்று சொக்கம்மாள் சொல்லவே இல்லை.