ஆற்றுப் பக்கத்து ஜன்னல்

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வாசலைத் தாண்டியதும், நாச்சியாவுக்கு மாமி முறையான ஆயிஷா உம்மா ஜன்னல்களுக்குச் சீலை கட்டத் தொடங்கினாள். புருஷனை இழந்து இத்தா இருக்கிறவள் மேல் அன்னிய ஆண்களின் கண் படக்கூடாது. தெருப் பக்கத்து இரண்டையும் மூடிவிட்டு, குசினியில் ஆற்றைப் பார்த்திருந்த ஜன்னலுக்கு வந்தாள்.

“அது கிடக்கட்டும் மாமி,” என்றாள் நாச்சியா.

“தோணியில வாறவனும் ஆம்புளதான் புள்ள. ஆத்துல வந்தா அவனுக்குக் கண்ணுத் தெரியாதா?”

சுற்றியிருந்து ஓதிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி வாய்க்குள் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டாள். சீலை விழுமுன் நாச்சியா ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கரையோரத் தண்ணீரில் இரண்டு வரிசைக் கம்புகள், அவற்றுக்கிடையே இறுக்கிக் கட்டிய இலையும் கிளையும், அந்தத் தொங்கல் முனையில் கட்டாமல் விட்ட ஒரு துண்டு. நேற்றுப் பின்னேரம் அங்கேதான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பு அடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் அப்துல் ஸமட் நெஞ்சைப் பிடித்தார். விடிகாலைச் சுபஹுக்கு முன் மௌத்தாகிவிட்டார்.

போன மாரியில் கரை இடிந்து கோழிக்கூடு ஆற்றோடு போனது. அடுத்தது குசினிதான் என்று ஊரே சொன்னது. கல் கொட்டச் சொன்னது. ஸமட் கேட்கவில்லை. மேல்வளவுக்காரர் கல் கொட்டிய பிறகு அந்த இடத்தில் ஸமட்டின் வலைக்கு ஒரு மீன்கூட விழுந்ததில்லை. கிளை கட்டினால் மண்ணும் நிற்கும், நிழலுக்கு மீனும் வந்து முட்டை போடும், அதற்குள் நட்ட கண்டல் கன்றுகளும் வேர் பிடித்துவிடும் என்று இருந்தார்.

“எனக்கொரு அலுமாரி செஞ்சு தர ஏலா. மீனுக்கெண்டா ஊடே கட்டுறீங்க,” என்பாள் நாச்சியா.

“நீ முட்டையா போடுறாய்?” என்பார்.

பின்வாசலால் கனகாம்பிகை வந்தாள். அக்கரையில் இருந்து இறால் பிடிக்கிறவள். நாச்சியாவின் கையைப் பிடித்தபடி பக்கத்தில் குந்தினாள்.

“விடியக் கம்புக்குள்ள பாத்தன் புள்ள. மீன்குஞ்சு கறுத்துப்போய்க் கூட்டமா நிக்கிது. அண்ணனிட்டச் சொல்லுவமெண்டுதான் இஞ்சால வந்தன். வந்த பொறகுதான் அண்ணன் போனது தெரியும்.”



மையவாடிக்கு அடக்கப் போனவர்கள் திரும்பும் நேரத்தில் வளவுக்குள் பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. மகள் றுஸ்னா உள்ளே ஓடிவந்தாள்.

“உம்மா, சாச்சா கல்லுக் கொண்டந்திருக்கார். குளத்து வான்கதவு திறந்தாச்சாம். பொழுதுபட ஆத்துல வெள்ளம் வந்திருமாம்.”

“கட்டாத இடத்துல மட்டும் கொட்டச் சொல்லு. கிளைக்கு மேல வேணாமெண்டு சொல்லு மகள்.”

ஸமட்டின் தம்பி ஹமீட் வாசல் சீலைக்கு அப்பால் வந்து நின்றார். குரல் மட்டும் கேட்டது.

“மதினி, அந்தத் தொங்கலுக்கு மெசின் போக வழியில்ல. இதுல நிண்டுதான் கொட்டலாம், கிளைக்கு மேலாலதான். அந்தக் கம்பு வெட்ட நானும் ஸமட் நானாவோட போனவன்தானே.” மெசின் சத்தத்துக்கு மேலால் குரலை உயர்த்தினார். “இத்தா முடியுமட்டும், நாலு மாசமும் பத்து நாளும், நீங்க இந்த ஊட்டதான் இருக்கணும். ஊடு ஆத்தோட போனா உங்கள எங்க வைக்கிற? வேணாமெண்டா சொல்லுங்க, திருப்பி அனுப்புறன்.”

பெண்கள் ஓதுவதை நிறுத்தியிருந்தார்கள். நாச்சியா கனகாம்பிகையைப் பார்த்தாள். அவள் நிலத்தைப் பார்த்தாள். குசினிச் சுவரில் இருந்த வெடிப்பு காலையில் இருந்ததை விடக் கீழே இறங்கியிருந்தது.

“கொட்டட்டுமாம் எண்டு சொல்லு,” என்றாள் மகளிடம்.

முதல் கல் விழுந்தபோது நிலம் அதிர்ந்தது. பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. இடையில் கம்புகள் முறியும் சத்தமும் வந்தது. நாச்சியாவின் கை ஜன்னல் சீலை வரைக்கும் போய், தொடாமல் திரும்பியது. கனகாம்பிகை எப்போது எழுந்து போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. கைகால் கழுவி வுளூச் செய்யத் தண்ணீர் அள்ளி வந்த றுஸ்னா வாளியைத் தாயின் முன்னால் வைத்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

“மெசின் உலுப்பினதுல கிணறு கலங்கிட்டும்மா.”

“மண் கலந்தா ஒண்டுமில்ல, அந்தத் தண்ணியிலயும் வுளூக் கூடும்,” என்றாள் ஆயிஷா உம்மா.

நாச்சியா சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, கை நனைக்காமல் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தாள். வாளிக்குள் மண் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.