துக்கம் என்று எழுதியிருந்தது

அழித்துவிடச் சொல்ல வேண்டும். சிஞ்ச்வடில் லோக்கல் ரயில் ஏறியதிலிருந்து விசாலத்தின் மனத்தில் இது ஒன்றுதான்.

மனநல ஆலோசகர் நஸ்ரின் போன வாரம்தான் முதல்முறையாக மேசைமேல் ஒரு டேப்லெட்டை வைத்தாள். பேசுவதைக் கேட்டு ஏஐ குறிப்பு எழுதிவிடும், தான் படித்துத் திருத்திய பிறகே கோப்பில் சேரும் என்று சொல்லிச் சம்மதம் கேட்டாள். விசாலம் தலையாட்டினாள். எப்போதும் குனிந்து எழுதிக்கொண்டே கேட்கும் நஸ்ரின் அன்று முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் பார்வையில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்த மாமியார் இறந்த அன்று, எல்லோரும் போன பிறகு, தான் நன்றாகத் தூங்கியதை. நிம்மதியாக இருந்ததை.

வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. கணவர் வசந்தகுமார் இன்னும் தினமும் அம்மா படத்துக்குப் பூ வைக்கிறார். அவர் கண்ணில் இது பட்டால்?

இன்று அறைக்குள் நுழைந்ததுமே விசாலம் சொன்னதைக் கேட்டு நஸ்ரின் பதறவில்லை. விசாலத்தின் அனுமதி இல்லாமல் வீட்டார் யாருக்கும் கோப்பைக் காட்ட மாட்டோம் என்றாள். பிறகு திரையைத் திறந்து, ஏஐ ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னாள். மாமியாரின் மறைவால் ஆழ்ந்த துக்கம். தூக்கம் பாதிப்பு.

“இது தப்புன்னு எனக்குத் தெரியும்க்கா. உங்களைக் கேட்டுட்டுத் திருத்தலாம்னு வெச்சிருந்தேன்.”

அழிக்க எதுவுமே இல்லை. ஒரு கணம் உடம்பு லேசானது. அடுத்த கணமே உள்ளே ஏதோ முரண்டு பிடித்தது. சொன்னது எங்கே போயிற்று?

“என்ன மேடம், இந்த மெஷினும் எழவு வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரியே பேசுது?”

நஸ்ரின் சிரித்துவிட்டாள். அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

விசாலம் கைப்பையின் வாரைச் சுற்றினாள், பிரித்தாள்.

“வேணாம். தூங்கினேன்னு போடுங்க. நிம்மதியா இருந்துச்சுன்னும் போடுங்க.”

நஸ்ரின் பழைய வரிகளை நீக்கிவிட்டுத் தன் கையால் தட்டெழுதி, படித்துக் காட்டினாள். விசாலம் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாம் முறை கேட்டபோது அது யாரோ களைத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி போல இருந்தது. அவள்மீது கோபமே வரவில்லை.

“அத்தைக்கு சாபுதானா வடா, அதான் ஜவ்வரிசி வடைன்னா உசுரு மேடம்,” என்றாள். “டாக்டர் கூடாதுன்னாரு. நான் பிச்சுப் பிச்சு ஊட்டுவேன். ரெண்டு பேரும் எங்க வீட்டுக்காரருகிட்ட மூச்சு விட மாட்டோம்.”

மாமியாரைப் பற்றி இப்படிப் பேசி வெகுநாளாயிற்று. டேப்லெட்டைத் திரும்பிப் பார்க்காமல் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள்.