ஒன்பது முத்திரைகளை ரத்து செய்தவள்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் கட்டுரையாக எழுதத் தொடங்கியது. 'மின்முத்திரையும் வட்டாரத் தொழில் வளர்ச்சியும்' என்று தலைப்பெல்லாம் வைத்தேன். இரண்டாவது பத்தியில் எனக்கே கொட்டாவி வந்தது. அப்போதுதான் ஒரு சோதனைக்கூடத்துப் பெண்ணைச் சந்தித்தேன்.

2.

"அவள் ஒரு வீராங்கனை…" (வேண்டாம். கேட்டால் சிரிப்பாள்.)

ஊர்ப் பட்டறைகள் செய்யும் கேஸ் டியூப்களில் காற்றடைத்து, தாங்குகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தாங்கினால், தரமானது என்று கணினியில் தன் மின்முத்திரையை வைப்பாள். கடல் தாண்டி வாங்குபவர் பெட்டியிலுள்ள குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து அந்த முத்திரையைப் பார்த்ததும் சரக்கை எடுத்துக்கொள்வார். முன்பெல்லாம் மறுசோதனைக்காகத் துறைமுகத்தில் மூன்று வாரம் கிடக்கும். அந்த மூன்று வாரம் ஒழிந்ததும் பன்னிரண்டு பட்டறைகள் நாற்பதாயின. (என் கட்டுரையில் தப்பிப் பிழைத்தது இந்த வரி மட்டும்தான்.)

3.

அன்று காலை வானம் மேகமூட்டமாக— (வானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

பிரஷர் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதை ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தாள். அதை நம்பி நான்கு நாளில் ஒன்பது முத்திரைகள் வைத்திருந்தாள். ஒன்று அவள் அண்ணியின் பட்டறைச் சரக்குக்கு. அது கப்பலேறிவிட்டது.

முதலில் அண்ணிக்குத்தான் போன் செய்தாள்.

"நீ வாயைத் திறக்கலைன்னா யாருக்குடி தெரியப்போகுது?"

"யாரோ வீட்டு அடுப்புல மாட்டப்போறாங்க, அண்ணி."

"என் பொழப்புல மண்ணைப் போடாதே!"

இங்கே அவள் அழுததாக எழுதி, பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். "அழலைங்க. அதுக்கு நேரம் ஏது?" என்றாள். போனை வைத்ததும் ஒன்பதையும் ரத்து செய்தாள். காரணம் என்ற இடத்தில், 'மீட்டரைச் சரிபார்க்காதது என் தவறு' என்று எழுதினாள்.

4.

எடுத்துவைத்திருந்த மாதிரிகளை மறுபடி சோதித்ததில் ஏழு தேறின. தேறாத இரண்டில் ஒன்று அண்ணியுடையது. (அதைத் தேறவைத்துவிடலாமா என்று பார்த்தேன். மனசு வரவில்லை.) கப்பலேறிய சரக்கு அப்படியே திரும்பி வந்தது. ஊரே அவளைக் கரித்துக்கொட்டியது.

சரக்கு திரும்பிய பத்தாம் நாள் வாங்குபவரின் கடிதம் வந்தது: "தவறை நாங்கள் கண்டுபிடிக்கும் முன்பே நீங்கள் சொன்னீர்கள். இனி எங்கள் டியூப்கள் முழுவதையும் உங்கள் ஊரிலேயே வாங்குகிறோம்."

நான் எழுந்து நின்று படித்த கடிதம் அது ஒன்றுதான்.

5.

நேற்று அண்ணி புதுச் சரக்கின் மாதிரியோடு தானே வந்து, அவள் மேசைமேல் வைத்துவிட்டு நின்றாராம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அது வீட்டு விஷயம்ங்க" என்று சொல்லிவிட்டு டியூபை மாட்டப் போய்விட்டாள்.

மூன்று வசனங்கள் எழுதிப் பார்த்தேன், மூன்றும் பொய். உங்கள் வீட்டிலும் இப்படிக் கோபித்துக்கொண்டு, பிறகு தானாக வந்து நிற்கும் ஒருவர் இருப்பார். அண்ணி என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.