நாகராசு பைத்தியமாக இருந்த மூன்று மாதம்

கீரமங்கலத்துக்குத் தெற்கே, எந்த வரைபடத்திலும் புள்ளியாகக்கூட விழாத எங்கள் ஊரின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறித்துவைக்க வேண்டிய முடிவொன்று, தை மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த வேளையில் எடுக்கப்பட்டது. நாகராசு பைத்தியமாவதென்று தீர்மானித்தான்.

காரணம் இருந்தது. சிங்கப்பூரில் வெல்டராக இருந்தவன் அப்பா இறந்த சேதி கேட்டு விமானம் பிடித்து வருவதற்குள் எரித்துச் சாம்பலையும் கரைத்திருந்தார்கள். தென்னந்தோப்பில் நெஞ்சுவலி. "நான் போயிப் பாக்கையில எல்லாம் முடிஞ்சிருச்சு" என்பது சித்தப்பா திருப்பதி ஊராரிடம் சொன்னது. பக்கத்துக் கொல்லையில் கடலைக்குக் களையெடுத்த இருளாயி மட்டும் ஒருநாள், "ஒங்கப்பா வரப்புல கெடந்தாரு தம்பி. ஒங்க சித்தப்பா பக்கத்துல ஒக்காந்து சிகரெட்டுக் குடிச்சுக்கிட்டு இருந்தாரு" என்றாள். மறுநாள் போய்க் கேட்டதற்கு, "நான் எங்க பாத்தேன்? எனக்குக் கண்ணே செரியாத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள்.

இதற்கிடையில், அம்மன் கோயிலில் அப்பாவுக்குக் கட்டிவந்த முதல் மரியாதைப் பரிவட்டம் இனிச் சித்தப்பாவுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. ஒன்றரை முழத் துணி. திருவிழாவுக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. அதற்குள் சித்தப்பா கழுத்தைத் திருப்புவதையே நிறுத்திவிட்டார். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் தேரைத் திருப்புவது போல உடம்பு மொத்தத்தையும் திருப்பினார்.

பைத்தியத்துக்கு முன்னால் ஊர் எதையும் பேசும் என்பது நாகராசின் கணக்கு. சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டான். தென்னை மரங்களோடு இங்கிலீஷில் பேசினான். மூன்று நாள் ஒருவரும் கவனிக்கவில்லை. வெளிநாடு போய் வந்தவன் அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டார்கள். நான்காம் நாள் கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டு அழுத பிறகுதான் வேலை பலித்தது. அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை என்பது அவனுக்கே பாதியில்தான் தெரிந்தது.

அம்மா செங்கமலத்தால்தான் தாங்க முடியவில்லை. பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையை நாக்குக்கடியில் வைத்திருந்து துப்பினான். கோயிலைச் சுற்றி ஈரப்புடவையோடு அவள் உருண்டபோது, முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவனுக்கு எழுந்து ஓடிப்போய், "எனக்கு ஒன்னுமில்லம்மா" என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பங்குனியில் ஒரு மத்தியானம், பம்புசெட்டு நிழலில் சித்தப்பா அவனுக்குச் சோற்றுத் தூக்கைத் திறந்துவைத்தார்.

"ஒங்கிட்டச் சொன்னா நீ யாருகிட்டடா போயிச் சொல்லப்போற? அண்ணன் தண்ணி கேட்டாரு. ரெண்டு தடவ கேட்டாரு. மோட்டாரு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இந்தா, இம்புட்டுத் தூரம். நான் சிகரெட்டப் பத்த வச்சேன். இது முடியட்டும்னு இருந்தேன். ஏன்னு எனக்கே தெரியலடா."

சொல்லிவிட்டுத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். தேங்காய்க் குவியல்மேல் அரிவாள் கிடந்தது, கைக்கெட்டும் தூரம். நாகராசு அதைப் பார்த்தான். அழுகிறவனை எப்படி வெட்டுவது என்று தோன்றியது. அழுது முடித்தபின் வெட்டினால் மட்டும் சரியா என்றும் தோன்றியது. முதலில் இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவன் முடிவுக்கு வந்தபோது செல்போன் பீரோவில் இருப்பது நினைவு வந்தது. பைத்தியத்துக்கு எதற்குப் போன் என்று அம்மா வாங்கிப் பூட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னான். "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். இத்தன நாளும் நடிச்சேன்."

அவள் அவன் தலையைக் கோதினாள். "அப்படித்தான் சொல்லுவாங்கன்னு டாக்டரு சொன்னாருப்பா" என்று இன்னொரு மாத்திரையைப் பிரித்து நீட்டினாள். இந்த முறை விழுங்கும்வரை தாடையைப் பிடித்திருந்தாள்.

சித்திரையில் பால்குடத்தன்று, மைக்கில் பெயர் அழைத்துச் சித்தப்பா தலையில் பரிவட்டம் கட்டினார்கள். நாகராசு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். உடம்பு உதறியது.

"அப்பா தண்ணி கேட்டாரு! ரெண்டு தடவ கேட்டாரு! மோட்டாரு ஓடுச்சு! நீ சிகரெட்டுக் குடிச்ச!"

"ஆத்தா எறங்கிட்டாடியோ!" என்றது ஒரு குரல். குலவை கிளம்பியது. கொட்டுக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். யாரோ கழுத்தில் மாலையைப் போட்டார்கள். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக அவன் தலையில் ஊற்றினார்கள். அப்பாவுக்கு வாய்க்காத தண்ணீர். "ஆத்தா இல்ல, நான் நாகராசு!" என்று கத்தினான். அதற்கும் குலவையிட்டார்கள்.

சித்தப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பரிவட்டம் சேற்றில் உருண்டது. "தப்புதான் ஆத்தா. குடுத்திருக்கணும். மன்னிச்சிரு. கெடா வெட்டுறேன்."

பூசாரி நாகராசின் உள்ளங்கையில் திருநீற்றை வைத்தார். "பூசி விடு ஆத்தா. புள்ள கால்ல கெடக்கான்ல?"

கூட்டத்தின் முன்வரிசையில் அம்மா கைகூப்பி நின்றாள். மூன்று மாதத்தில் முதன்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது. மகனுக்குப் பைத்தியமில்லை, இத்தனை நாளும் அவனுக்குள் இருந்தது ஆத்தாதான். அவனையே பார்த்தாள். "பூசு சாமி" என்றாள், மெதுவாக.

மஞ்சள் தண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டித் திருநீறு கையில் குழைந்துகொண்டிருந்தது. நாகராசு குனிந்தான். சித்தப்பாவின் நெற்றி சுட்டது. பூசினான்.

மூன்றாம் நாள் கிடா வெட்டினார்கள். கறியில் உப்புக் கொஞ்சம் தூக்கல்.