மஞ்சள் கண்ணில் ஒரு புள்ளி

கூட்டுக்கு ஆண் பறவை வந்தது முதலிலா, வீட்டுக்கு அவள் கணவர் வந்தது முதலிலா என்று இப்போது கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளே அதை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அழைப்பு மணி அடித்தது என்றாள் ஒரு தடவை. அவருடைய பெட்டி பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது, அதன்மேல் காலை நீட்டிக்கொண்டுதான் பறவையைப் பார்த்தேன் என்றாள் இன்னொரு தடவை. இரண்டும் ஒரே வாரம் என்பது மட்டும் நிச்சயம். மற்றதெல்லாம் நினைவு தன் வசதிக்கு ஒட்டுப்போட்டதாக இருக்கலாம்.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதும், லென்ஸ் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பதும்தான் பிழைப்பு. அவளுக்கு முகம் மறந்துவிடும், கண் மறக்காது. அவர் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதி கடல், பாதி வீடு. மகள் பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் இந்த ஏற்பாட்டுக்குள்தான் நடந்தன. இந்தத் தடவை அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இனிமே போகல. போதும்" என்றார். அவள் "சரி" என்றாள். அந்தச் சரிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கூட்டை இணையத்தில் நேரலையாகக் காட்டும் பறவைக் கேமராவை அவளுக்குப் பழக்கிவிட்டது மகள்தான். ஏதோ குளிர்நாட்டு ஏரி நடுவே நட்ட கம்பத்தின் உச்சியில் பெரிய சுள்ளிக் கூடு. மீன் மட்டுமே தின்னும் விராலடிப்பான் கழுகு ஜோடி ஒன்று வருஷா வருஷம் அங்கே குடித்தனம் நடத்துகிறது. போன பருவம் முழுக்க அவள் பார்த்திருந்தாள். குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் பெண் ஒரு நாள் எழும்பிப் போனது, திரும்பவில்லை. சில வாரம் கழித்து ஆணும் போனது. இரண்டுக்கும் வேறு வேறு வழி, வேறு வேறு கரை. குளிர்காலம் முழுக்க ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லையாம். வெயில் திரும்பியதும் இரண்டும் அதே கூட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். இதைப் படித்த அன்று அவள் மகளிடம், "இதுங்களும் கப்பல்காரக் குடும்பம்தான்டி" என்றாள்.

இப்போது ஆண் வந்துவிட்டது, பெண் வரவில்லை. ஆண் சும்மா இருக்கவில்லை. சுள்ளி, காய்ந்த புல், பிளாஸ்டிக் பை, எங்கேயோ பொறுக்கிய ஒற்றைச் செருப்பு என்று கொண்டுவந்து கூட்டுக்குள் போட்டது.

"என்ன இவன், ஊர்க் குப்பையெல்லாம் அள்ளிட்டு வர்றான்?" என்றார் அவர்.

"வீட்டை ஒழுங்கு பண்றாராம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "இது எனக்கா?"

"யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு."

பொருந்தத்தான் செய்தது. அடுக்களை டப்பாக்களை உயர வாரியாக அடுக்கி, அவள் கைக்கு எதுவுமே அகப்படாமல் செய்திருந்தார். சாப்பிட உட்காரும்போது தட்டுக்கு அடியில் ஈரத் துணி விரிப்பார். கப்பல் சாய்ந்தால் தட்டு வழுக்காமலிருக்க. "இது தரைங்க, ஆடாது" என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் கை கேட்காது. ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு வாங்குது" என்பார். அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. இத்தனை காலமும் அவர் விடுமுறை மனிதராகவே வந்து போயிருந்தார். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் இந்த மனிதர் எப்படி இருப்பார் என்பது அவளுக்குத் தெரியாது. பாத்திரம் துலக்கும்போது சுருதி சேராமல் முனகுவார், துணி உலர்த்தும்போது நீலத்தை நீலத்தோடு சேர்ப்பார். கேமராவைப் பார்ப்பது மாதிரியே, சத்தம் போடாமல், அவள் அவரையும் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு கப்பலில் ஆள் படுத்துவிட்டார், உடனே கிளம்ப முடியுமா, திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவர் ஃபோனை வைத்துவிட்டுத் திரையில் ஆண் மட்டும் நின்ற கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ வந்துட்டான்னா நான் போறேன்" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"பிரிஞ்சு பிரிஞ்சு இருந்தாலும் குடும்பம் ஓடுதுன்னு அர்த்தம். நமக்கும் அதானே பழக்கம்?"

சிரித்தார். மடித்த துணியையே அவர் கைகள் மறுபடி பிரித்து மடித்தன. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கத் தெரியாத ஆள் கேட்கிற விதம் இது என்பது அவளுக்குப் புரிந்தது.

"வாயைத் திறந்து சொல்லேம்மா, போங்கன்னோ இருங்கன்னோ" என்றாள் மகள் ஃபோனில்.

"தெரிஞ்சாத்தானேடி சொல்றதுக்கு."

கடைக்கு வருகிறவர்கள் சிலர் எந்தச் சில்லைப் போட்டாலும் "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்பார்கள். அவர்களிடம் அவள் பொறுமை இழந்ததுண்டு. அந்த வாரம் இழக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்திலிருந்து அவர் கத்தினார். "ஏய், ஓடியா! வந்துட்டா!"

ஈரக் கையோடு ஓடினாள். கூட்டின் விளிம்பில் பெண் விராலடிப்பான் ஒன்று சிறகை மடக்கிக்கொண்டிருந்தது. ஆண் பாதி தின்ற மீனை அதன் முன்னால் தள்ளியது. "பாத்தியா, சொன்னேன்ல" என்று அவர் கையைத் தட்டினார். இரண்டாவது தட்டல் முதலாவதைவிட மெதுவாக விழுந்தது.

பெண் பறவை தலையைத் திருப்பிக் கேமராவை நேராகப் பார்த்தது. திரை நிறைய மஞ்சள் கண். சுத்தமான மஞ்சள்.

போன பருவத்துப் பறவைக்கு வலது கண்ணில், கடிகாரமாக இருந்தால் ஆறு இருக்கும் இடத்தில், மை தெறித்த மாதிரி ஒரு புள்ளி. இதற்கு இல்லை. இடது கண்ணைக் காட்டுகிறதோ என்று காத்திருந்தாள். தலை திரும்பியது. அதிலும் இல்லை.

அவர் ஃபோனைக் கையில் எடுத்திருந்தார். "அப்ப சொல்லிடறேன்."

பேசாமல் இருந்தால் போதும். டப்பாக்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிடும், வீடு பழையபடி அவளுடையதாகிவிடும். ஃப்ரிட்ஜுக்கு மூச்சு வாங்கினால் கேட்க ஆள் இருக்காது. அவ்வளவுதான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். ஃபோன் அவர் கையில் அப்படியே இருந்தது. எண் எதையும் அழுத்தவில்லை.

"அது அவ இல்லைங்க."

"என்னது?"

"இது வேற பொண்ணு. அவ கண்ணுல ஒரு புள்ளி இருக்கும். இவளுக்கு இல்ல."

அவர் திரைக்கு மூக்கு இடிக்கும் தூரம் போனார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

பிறகு அவர், "அப்ப இந்தப் பய எதுக்கு இவளுக்கு மீன் குடுக்கறான்?" என்றார்.

"அவன்கிட்டயே கேளுங்க."

"அடப்பாவி" என்றார் பறவையைப் பார்த்து. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"பறவையை விடு. உன்னைக் கேக்கறேன்."

"மொதல்ல அந்த டப்பாவையெல்லாம் இருந்த எடத்துல வைங்க" என்றாள். "அப்புறம் ஃபோன் பண்ணி வேற ஆள் பாத்துக்கச் சொல்லுங்க."

அந்தக் கப்பல் வேறொருவரை ஏற்றிக்கொண்டு போனது. புள்ளிக்கண் பறவை அந்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை; அதற்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. புதியது இரண்டு குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட்டது. அவர் இப்போது தெருமுனைச் சலவைக் கடையில் காலை நேரம் மட்டும் கொதிகலன் பார்த்துக்கொள்கிறார். அவள் கண்ணாடிக் கடையிலேயே இருக்கிறாள். டப்பாக்களில் பாதி அவள் வைத்த இடத்திலும் பாதி அவர் வைத்த இடத்திலும் இருக்கின்றன. மகள் வரும்போதெல்லாம் எதையோ தேடிக்கொண்டு நிற்கிறாள்.

ஆடாத மேசையில் இரண்டு தட்டுகள், இரண்டுக்கும் அடியில் ஈரத் துணி. பறவைகள் போன பிறகும் அவர்கள் கேமராவை அணைப்பதில்லை. திரையில் காலிக் கூடு, சுள்ளிகளுக்கு நடுவே அந்த ஒற்றைச் செருப்பு, அதற்குள் மழைத் தண்ணீர் மெல்ல நிறைந்துகொண்டிருக்கிறது.