முளைத்த வால்

வாப்பாவின் உடலைக் குளிப்பாட்டும் நீரில் கலக்கக் கற்பூரம் தேடி அலமாரியைத் திறந்த ஷம்ஸியா, கைக்கு அகப்பட்ட மாத்திரை அட்டைகளை உம்மாவின் மடியில் விட்டெறிந்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எத்தன நாளா வாப்பா மாத்திர போடல?"

முற்றத்தில் படுதா கட்டி ஆண்கள் வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஒங்கிட்டதான் கேக்கேன். பாத்துக்கிட்டு சும்மாவா இருந்த?"

இதற்கு யார் பொறுப்பு என்று வாப்பாவைத் தூக்குவதற்குள் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஐந்து வருடமாகப் பெங்களூரில் ஜீப்ரா மீனின் இதயத்தை ஆராய்கிறவள் அவள். ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் அறுபது நாளில் அது வளர்ந்துவிடும். இங்கே மேலப்பாளையத்தில் சொந்த வாப்பா இரண்டாவது மாரடைப்பில் போய்விட்டார். என்ன படிப்பு இது!

உம்மா ஜன்னலைக் காட்டினாள். கண்ணாடிச் சாடியில் நீலக்கோடு போட்ட சின்ன ஜீப்ரா மீன் ஒன்று.

"ஒங்க வாப்பாதான் கத்திரியால அதுக்க வால வெட்டுனாவ. பதினஞ்சு நாள்ல மொளச்சிட்டு. நமக்கும் அதே ஜீன் இருக்கு, தூங்குது, நம்ம ஷம்ஸிதான் சொன்னான்னாவ. துடிப்பக் கொறைக்கிற மாத்திரதான் அத எழும்ப விடலன்னு நிப்பாட்டிட்டாவ. அறுவது நாளு கழிச்சி டாக்டர்ட்ட காட்டணும்னு இருந்தாவ."

பெருநாளைக்கு வந்தபோது ஷம்ஸியா சொன்னதுதான். ஆனால் மிச்சத்தையும் சொன்னாளே! அடிபட்டதும் அந்த ஜீன்களை எழுப்பும் சுவிட்சு மீனுக்கு வேலை செய்யும், மிஞ்சிய செல்கள் இளசாகிப் பெருகும், மனிதனுக்கோ தழும்புதான் விழும் என்று. நாற்பது வருடம் தையல் மெஷின் மிதித்தவருக்கு ஒட்டுப்போடுவதைவிடத் துணி தானே வளர்வது பிடித்துப்போயிருக்கிறது.

"கிறுக்கா பிடிச்சிருந்துச்சு வாப்பாவுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டாவளே. நீ சரின்னியாம்லா."

"நானா?"

போனை எடுத்தாள். மீன் வீடியோ வந்தது ஞாபகம் இருந்தது. வாப்பா தினமும் ஏதாவது அனுப்புவார். வேலை நடுவில் பார்க்காமலே ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிடுவாள். இப்போதுதான் அதை ஓட விட்டாள். வால் முளைத்த மீன், பின்னால் சந்தோஷத்தில் மூச்சிரைக்கும் குரல்.

"ஏளா ஷம்ஸி, மொளச்சிட்டு பாத்தியா! அப்ப நானும் மாத்திரய நிப்பாட்டிக்கிடட்டா? நீ சொன்னா சரி."

கீழே அவளுடைய கட்டைவிரல்.

யாரையாவது திட்ட வேண்டும்போல வெறி வந்தது. உம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உம்மா மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மொகம் பாக்குறவங்க வாங்க, தூக்கப் போறோம்" என்று ரசீத் மாமா கூப்பிட்டார். உம்மா எழுந்து போனாள். ஷம்ஸியா போனைப் பிடித்தபடி ஜன்னலோரமே நின்றுவிட்டாள்.

வாப்பாவை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிப் போனவர்களின் நிழல் சாடியின்மேல் விழுந்தது. தீனி போட ஆள் வந்துவிட்டதென்று மீன் வாலை ஆட்டிக்கொண்டு மேலே வந்தது.