ஆறு அள்ளிப்போன பாதி வயல்

நைல் வெள்ளம் வடிந்ததும் வெர்னூரோ வயலுக்குப் போனாள். எல்லைக்கல்லைக் காணவில்லை. பக்கத்து வயல்காரன் கென்னா அவள் நிலத்துக்குள் புதுக்கல் நட்டுக்கொண்டிருந்தான்.

"வருஷா வருஷம் இதே ரோதனை. கயிறு பிடிச்சு அளக்கறவர் வரட்டும்," என்றாள் அவள்.

அவர் வந்து அளந்தார். கென்னாவின் நிலத்தில் பாதியை நைல் அரித்து, அவள் பக்கம் வண்டலாகக் கொட்டியிருந்தது.

"அது என் மண்ணு," என்றான்.

"அப்ப ஆத்துக்கிட்டயே போய்க் கேளு."

வேறு நிலம் உண்டா என்று அவன் மேற்கே பார்த்தான். அங்கே வெறும் பாலைமணல். நட்ட கல்லைப் பிடுங்கினான்.

ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு எரிச்சல் அடங்கவில்லை. "மரம் மாதிரி நிக்காதய்யா. மாட்டை ஓட்டிட்டு வந்து அந்த வண்டலை உழு. வெளையறதுல பாதி உனக்கு. ஆனா பொலம்பக் கூடாது."

சாயங்காலம்வரை உழுதான். புலம்பிக்கொண்டேதான்.